பூட்டி முடியாத கார்

யேசுரட்ணத்தை ஓரிடத்தில் உட்கார வைப்பது கலியாணமான நாளிலிருந்து மனைவி கொன்ஸ்ரன்ஸுக்குக் கைகூடாத காரியம். பூசைக்குப் போனாலும் கோயில் கதவோரம் நின்றுகொண்டே இருப்பார். வீட்டில் தேநீரைக்கூட மேசைக்கும் பல்கனிக்கும் நடந்தபடிதான் குடிப்பார். வேலை செய்த காலத்தில் அது ஒருவருக்கும் தொந்தரவாக இருக்கவில்லை. துறைமுகத்தில் டாலி கிளார்க் என்றால் கப்பலுக்கும் கிட்டங்கிக்கும் நடுவில் நாள் முழுக்க நின்று, நடந்து, இறங்கும் பெட்டிகளை எண்ணுவதுதான் உத்தியோகம். பென்ஷன் எடுத்த பிறகுதான் அந்தக் கால்களுக்குப் போக்கிடம் இல்லாமல் போனது. கால்கள் அடங்கியிருக்க வேண்டி வந்ததும் கைகள் காரைப் பிடித்துக்கொண்டன.

பழைய ஜப்பான் கார். ஒருகாலத்தில் வெள்ளையாக இருந்தது. கொட்டாஞ்சேனையில் வாடகை வீட்டில் இருந்தவரைக்கும் அது நன்றாகத்தான் ஓடியது. மெல்பனில் இருக்கும் மகள் லவினா வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் போகும் ஒழுங்கை ஒன்றில் அடுக்குமாடி ஃப்ளட் வாங்கித் தாயையும் தகப்பனையும் அங்கே கொண்டுபோய் வைத்த பிறகு, உப்புக் காற்று காரைத் தின்னத் தொடங்கியது. இன்றைக்குக் கதவுப் பிணைச்சல், நாளைக்கு சைலன்ஸர் என்று ஏதோ ஒன்று இறுகும் அல்லது உதிரும். யேசுரட்ணத்துக்கு அது நல்லதாகப் போயிற்று.

அவர் மெக்கானிக் இல்லை. நல்ல ஆயுதங்களும் அவரிடம் இல்லை. இருந்ததெல்லாம் கொன்ஸ்ரன்ஸின் வீட்டுச் சாமான்தான். வேலைக்கு இறங்குமுன் சவர்க்காரக் கட்டியை நகத்தால் பிறாண்டுவார். நகக்கண்ணில் சவர்க்காரம் அடைத்திருந்தால் கிரீஸ் உள்ளே ஏறாது. குளியலறைச் சவர்க்காரமெல்லாம் எலி கடித்ததுபோல இருப்பதற்கு அதுதான் காரணம். மங்கிப்போன ஹெட்லைட்டுக்குப் பற்பசை பூசித் தேய்ப்பார். பழைய ரேடியோ ஸ்பீக்கரின் காந்தத்தை நூலில் கட்டி, எஞ்சினுக்குள் விழுந்த நட்டைத் தூண்டில் போட்டு எடுப்பார். கழற்றுகிற பாகத்தை பிஸ்கட் பெட்டி மட்டையில் படமாகக் கீறி, எந்த போல்ட் எங்கிருந்து வந்ததோ அங்கேயே ஓட்டை போட்டுக் குத்தி வைப்பார். நுளம்பு வலை கட்டுகிற இரும்புக் குழாய் ஒருநாள் காணாமல் போய், கடைசியில் வீல் நட் திறக்கும் சாவியின் பிடியில் மாட்டியபடி கண்டுபிடிக்கப்பட்டது. நீளமான பிடி இருந்தால் இறுகிய நட் தன்பாட்டில் கழன்றுவிடும் என்று அவர் விளக்கம் சொன்னார். கொன்ஸ்ரன்ஸ் அன்றிரவு நுளம்புக் கடியோடு படுத்தார்.

ஒரு சனிக்கிழமை காலை அவர் பார்க்கிங்கில், காருக்கு அடியில் பாயைப் போட்டு மல்லாந்து கிடந்தபோது, வாசலில் காவல் நிற்கும் வோச்சர் இராமர் ஓடிவந்து குனிந்தான்.

"ஐயா, செக்ரட்டரி சார் வர்றாரு. வெளிய வந்துருங்க."

"வர ஏலாது இராமர். எண்ணெய் வடிஞ்சுகொண்டிருக்கு."

ஃப்ளட் சங்கத்தின் செக்ரட்டரி இப்திகார் நல்ல மனிதர். சத்தம் போட்டுக் கதைக்கத் தெரியாதவர். காருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்களைப் பார்த்துத்தான் அவர் கதைக்க வேண்டியிருந்தது.

"அங்கிள், செல்லவும் எனக்கு வெக்கமா ஈக்கிது. மூணாம் மாடில கம்ப்ளெய்ன். அவங்கட புள்ள எண்ணெய்ல சறுக்கி விழுந்திட்டு."

"ஒரு சொட்டும் நிலத்தில விழேல்ல, தம்பி. பாருங்கோ, தண்ணிப் போத்தல வெட்டித்தான் பிடிக்கிறன்."

"இண்டைக்கு விழல்ல. போன கெழம விழுந்த."

அது உண்மை. யேசுரட்ணம் வெளியே வந்து, கையைத் துடைத்து, இனிப் பார்க்கிங்கில் ஆணிகூடக் கழற்றுவதில்லை என்று வாக்குக் கொடுத்தார். அடுத்த நாள் காலையிலேயே கை அரிக்கத் தொடங்கிவிட்டது.

அதற்குப் பிறகு அவர் இடம் தேடி அலைந்தார். முதலில் ஒழுங்கையின் கடற்கரை முனை. திறந்த எஞ்சினுக்குள் காற்று மணலை வாரி இறைத்தது. ரயில் போன அதிர்வில் சில்லுக்கு முண்டு கொடுத்திருந்த கல் ஒருமுறை அசைந்தது. அந்த நேரம் அவர் அடியில் இல்லை என்பது மாதாவின் கிருபை. பிறகு காலி வீதிக்கு அந்தப் பக்கம் நிழலான ஒரு குறுக்குத்தெரு. பொனட்டைத் தூக்கியதுதான் தாமதம், மோட்டார் சைக்கிளில் வந்த பொலிஸ்காரர், "அங்கிள், மெதன பேஹெ" என்று கையை வீசினார். இங்கே கூடாதாம். "ஹரி மாத்தயா, யனவா", சரி ஐயா, போகிறேன் என்று சொல்லிவிட்டு யேசுரட்ணம் பொனட்டை மூடினார். கடைகளின் வாகனத் தரிப்பிடங்களில் காவல்காரர்கள் அவருடைய வெள்ளைக் காரை அடையாளம் வைத்திருந்தார்கள்.

இப்படி இருக்கும்போதுதான், கொன்ஸ்ரன்ஸின் தாயார் இறந்த திவசத்துக்குப் பொரளை மயானத்துக்குப் போனார்கள். கொன்ஸ்ரன்ஸ் மெழுகுதிரியும் பூவும் எடுத்துக்கொண்டு கல்லறைகளுக்கு நடுவே நடந்தார். யேசுரட்ணம் வாசலுக்கு உள்ளே, மரத்து நிழலில் கிடந்த விசாலமான சீமெந்துத் தரையைப் பார்த்தார். மணல் இல்லை, காற்று இல்லை, கேட்க ஆளும் இல்லை.

"நீர் நடவும். நான் பின்னால வாறன்" என்றார்.

அவர் போகவில்லை. கொஞ்ச நேரத்தில் ஓர் அடக்கம் முடிந்து சனம் கலைந்தது. பெட்டியைக் கொண்டுவந்த பிரேத வாகனம் மட்டும் ஸ்டார்ட் ஆகாமல் வழியை அடைத்துக்கொண்டு நின்றது. தன் காரின் பொனட்டைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த யேசுரட்ணத்தைப் பார்த்த சாரதி, அவர் அதற்காகவே வந்தவர் என்று நினைத்துவிட்டான். யேசுரட்ணம் போய் எட்டிப் பார்த்தார். பட்டரி முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. வாசலடித் தேநீர்க் கடையில் ஒரு ஜக் நிறையக் கொதிதண்ணீர் வாங்கி வந்து மெதுவாக ஊற்றினார். பூத்ததெல்லாம் நுரைத்துக் கரைந்து ஓடியது. முனைகளைத் தேய்த்து இறுக்கிவிட்டு, "இப்ப அடி" என்றார். வாகனம் ஒரே இழுப்பில் உயிர் வந்து உறுமியது. செத்த வீட்டுக்காரர்கள் அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னார்கள். ஒரு அம்மா அவருக்கு பணிஸும் தேநீரும் கொடுத்தார்.

கொன்ஸ்ரன்ஸ் திரும்பி வந்தபோது கணவர் முன்பின் தெரியாத துக்க வீட்டாருக்கு நடுவே நின்று, முகம் முழுக்கச் சிரிப்போடு பணிஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மாட கல்லறைக்கு வந்தனீங்களா, கராஜுக்கு வந்தனீங்களா?" என்று மட்டும் கேட்டார். காரில் ஏறியும் நெடுநேரம் வேறு பேச்சில்லை. அந்த மௌனத்தில்தான் யேசுரட்ணத்துக்கு முதன்முதலாக அந்தச் சத்தம் கேட்டது. எஞ்சின் பக்கமாக, மெல்லிசாக, டிக், டிக், டிக்.

"உமக்குக் கேக்குதா?"

"ஓம், கேக்குது" என்றார் கொன்ஸ்ரன்ஸ், கோபம் மாறாமலே.

அந்தக் கிழமை லவினா அழைத்தாள்.

"அப்பா, விசா வந்திட்டுது. ரெண்டு பேருக்கும்! பிள்ளை பிறக்கிறது ஒக்டோபர் கடைசி எண்டு டொக்டர் சொல்லியிருக்கிறா. நீங்க ரெண்டு பேரும் செப்டெம்பரே வந்திடுங்கோ. ஒரு வருசம் நிக்கலாம். காரை வித்திட்டு வாங்கோ, சும்மா நிண்டு கறள் பிடிக்கும்."

"அதில சத்தம் ஒண்டு இருக்கு மகள். அத எடுக்காம விக்கிறது சரியில்ல. வாங்கிறவன் ஏமாந்து போவான்."

"சரி, எடுத்திட்டு வில்லுங்கோ."

இலேசாகச் சொல்லிவிட்டாள். யேசுரட்ணம் போனைக் கொன்ஸ்ரன்ஸிடம் கொடுத்துவிட்டுப் பல்கனிக்குப் போனார், திரும்பி வந்தார், மறுபடி போனார். மெல்பன் அவருக்குப் புதிதல்ல. லவினாவின் கலியாணம் முடிந்த அடுத்த வருடம் மூன்று மாதம் போய் நின்றிருக்கிறார். மகளும் அவள் புருஷனும் வேலைக்குப் போன பிறகு, சுத்தமான, சத்தமில்லாத வீட்டில் ஜன்னலுக்கு ஜன்னல் நடந்தார். ஒருநாள் பொறுக்க முடியாமல் மருமகன் றமேஷின் காரைத் திறந்து பார்த்தார். பொனட்டுக்கு உள்ளே இன்னொரு மூடி, கறுப்பு பிளாஸ்டிக்கில். ஒரு நட்டுக்கூடக் கண்ணில் படவில்லை. மாலையில் றமேஷ் மரியாதையாகத்தான் சொன்னான்: "மாமா, அதைத் தொட வேண்டாம். வாரண்டி போயிடும்." அடுத்த நாள் அவர் வெளியே நடக்கப் போய், ஒரே மாதிரியான வீடுகளுக்குள் வழி தவறினார்; யாரோ ஒரு வெள்ளைக்காரி காரில் கொண்டுவந்து விட்டாள். அந்த வெட்கத்தை அவர் சிரித்து மழுப்பிவிட்டார். உள்ளே அது அப்படியே இருந்தது.

சத்தம் எடுக்க இடம் வேண்டுமே. கொட்டாஞ்சேனையில் முன்பு பக்கத்து வீட்டிலிருந்த பைறோஸாவின் நினைவு வந்தது. அவள் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பவள். புருஷன் முச்சக்கர வண்டிகள் நிறுத்துவதற்கு விட்டிருந்த முற்றம், அந்த மனிதர் மௌத்தாகிக் கண்மூடிய பிறகு வெறுமனே கிடந்தது.

"எடம் சும்மாதான் கெடக்குது, வாங்க அண்ணே" என்றாள் பைறோஸா. "இடியப்ப மாவுக்கு மட்டும் எண்ணெய் தெறிக்காமப் பாத்துக்கோங்க." உட்காருவதற்கு ஒரு பிளாஸ்டிக் கதிரையும் கொண்டுவந்து போட்டாள். அவர் அதன்மேல் ஸ்பேனர்களைப் பரப்பினார்.

அன்றிலிருந்து காலையில் காரை ஓட்டிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போவதும், கழற்றியதைத் திரும்பப் பூட்டி முடியாத நாட்களில் அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் திரும்புவதும் வழக்கமாயிற்று. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாயில் ஒரு முழம் வெட்டி, ஒரு முனையை எஞ்சினிலும் மறு முனையைக் காதிலும் வைத்து, டொக்டர் நெஞ்சுக்கு வைத்துப் பார்ப்பதுபோல ஒவ்வோர் இடமாகக் கேட்டார். முதல் கிழமையிலேயே பிழை பிடிபட்டது. புகைக்குழாய்க்கு மேலே சூடு தடுக்கும் தகரம் உப்பில் தின்னப்பட்டு, ஒரு மூலை கழன்று அடித்துக்கொண்டிருந்தது. சல்மன் மீன் அடைத்த தகர ரின் ஒன்றை வெட்டித் தட்டையாக்கி, கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டினார். அருமையான வேலை. திரும்பி ஓட்டிப் போகும்போது ஆமர் வீதிச் சந்திவரைக்கும் மனம் நிறைந்திருந்தது. சந்தி தாண்டியதும் மறுபடி கேட்டது: டிக், டிக்.

பிறகு பெல்ட்டைக் கழற்றினார். தண்ணீர்ப் பம்பைக் கழற்றினார். எஞ்சினின் மேல்மூடியைத் திறந்து வால்வுகளைப் பார்த்தார். மட்டைப் படங்கள் பைறோஸாவின் மதிலில் வரிசையாகச் சாய்ந்தன. முகத்துவாரத்திலிருந்து ஒரு டீச்சர் கார் வாங்க இரண்டு தரம் வந்தார். இரண்டு தரமும் யேசுரட்ணம், "இன்னும் முடியேல்ல, பிறகு வாங்கோ" என்று அனுப்பிவிட்டார். வீட்டில் ஹோலுக்கு நடுவே சூட்கேஸ்கள் வாயைத் திறந்து கிடந்தன. கொன்ஸ்ரன்ஸ் மிளகாய்த்தூள் பொதிகளையும் குழந்தைத் துணிகளையும் அடுக்கினார். அவர் அவற்றைச் சுற்றி வளைத்து நடந்தார்.

"அண்ணே, இந்தக் கார நீங்க பூட்டுறதுக்காகக் கழட்டுறீங்களா, கழட்டுறதுக்காகப் பூட்டுறீங்களா?" என்று பைறோஸா ஒருநாள் சிரித்துக்கொண்டே கேட்டாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

ஓகஸ்ட் மாதக் கடைசியில் ஒரு மத்தியானம், கொன்ஸ்ரன்ஸ் சோற்றுப் பார்சலோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். சொல்லாமல் வந்ததே யேசுரட்ணத்துக்குப் பதற்றமாக இருந்தது. நல்ல வேளை, கார் அன்றைக்குப் பூட்டியபடி நின்றது.

"ஸ்டார்ட் பண்ணுங்கோ" என்றார் கொன்ஸ்ரன்ஸ்.

"சாப்பிட்டிட்டு..."

"முதல்ல ஸ்டார்ட் பண்ணுங்கோ. அந்தக் குழாயைத் தாங்கோ."

எஞ்சின் ஓடியது. கொன்ஸ்ரன்ஸ் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்தார். யேசுரட்ணம் காட்டிய இடத்திலெல்லாம் குழாயை வைத்தார். காட்டாத இடத்திலும் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"கேக்குதா?"

"எஞ்சின் ஓடுற சத்தம் கேக்குது."

"அதில்ல. அதுக்குள்ளால, டிக் டிக் எண்டு."

"இல்ல."

"வடிவாக் கேளும்."

கொன்ஸ்ரன்ஸ் நிமிர்ந்தார். "இஞ்ச பாருங்கோ. நீங்க அந்த ரின் துண்டக் கட்டின அண்டைக்கே அது நிண்டிட்டு. அதுக்குப் பிறகு எத்தின தரம் உங்களுக்குப் பக்கத்தில இருந்து வந்தனான்? ஒருநாளும் எனக்குக் கேக்கேல்ல."

யேசுரட்ணம் குழாயைப் பறித்துத் தன் காதில் வைத்தார். கேட்டது என்றுதான் நினைத்தார். பைறோஸாவைக் கூப்பிட்டார். அவள் மாக்கையோடு வந்து, கை படாமல் காதைச் சாய்த்துக் கேட்டாள்.

"ஃபேன் சுத்துற சத்தந்தான் அண்ணே. வேறொண்ணும் இல்ல."

அவர் மறுபடி வைத்துக் கேட்டார். இப்போது அவருக்கே நிச்சயமில்லை. எஞ்சினை நிறுத்தினார்.

"அப்ப ஏன் நீர் சொல்லேல்ல?"

"சொல்லியிருந்தா வேற சத்தம் ஒண்டு பிடிச்சிருப்பீங்க."

பைறோஸா மெதுவாக உள்ளே போய்விட்டாள். யேசுரட்ணம் ஸ்பேனர்களை ஒதுக்கிவிட்டு அந்தப் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்தார். முழங்கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. தன் நெஞ்சுக்குள் இத்தனை நாள் அடித்துக்கொண்டிருந்தது என்ன என்று அவருக்கு அப்போது விளங்கியது. விளங்கியதும் வாயைத் திறக்கக் கூச்சமாக இருந்தது.

"அங்க எனக்கு என்ன வேலை, கொன்ஸ்ரன்ஸ்?"

"பேரப்பிள்ளை பிறக்கப் போகுது."

"அது உமக்கு வேலை. பிள்ளையைக் குளிக்க வார்ப்பீர், மகளுக்குப் பத்தியக் காயம் அவிப்பீர். நான் என்ன செய்யிறது? ஜன்னலால பாத்துக்கொண்டு நிக்கிறதா? போன முறை நான் விசராகிப் போயிருப்பன்."

கொன்ஸ்ரன்ஸ் சோற்றுப் பார்சலைப் பிரித்து அவர் மடியில் வைத்தார். கோபிக்கப்போகிறார் என்று யேசுரட்ணம் காத்திருந்தார். அவர் கோபிக்கவில்லை.

"அப்ப நீங்க இருங்கோ. நான் போறன்."

கலியாணமான நாளிலிருந்து கொன்ஸ்ரன்ஸ் தனியாக நீர்கொழும்புக்குக்கூடப் போனதில்லை. "தனியவா?" என்றார் யேசுரட்ணம்.

"பிளேன்ல தனியவா போறது? அவ்வளவு சனம் போகுது. சாப்பிடுங்கோ, ஆறுது."

செப்டெம்பரில் யேசுரட்ணமே காரை ஓட்டிக் கொன்ஸ்ரன்ஸைக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் கொண்டுபோய் விட்டார். வழி நெடுகக் கார் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. கொன்ஸ்ரன்ஸ் காஸ் சிலிண்டரை எப்படி மூடுவது, மீனை எத்தனை நாள் வைக்கலாம் என்று சொல்லிக்கொண்டே வந்தார். உள்ளே போகுமுன் ஒருமுறை திரும்பி, "லவினா வாங்கோ எண்டு கேப்பாள். நான் கேக்கமாட்டன்" என்றார். பிறகு தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

தனியே இருப்பது நினைத்ததைவிட மோசமாக இருந்தது. காரில் செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. பொனட்டைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். மரைன் டிரைவில் பம்பலப்பிட்டி வரைக்கும் நடந்தார். வந்து, பால் விடாத ஒரு பிளேன்ரீ குடித்து, மறுபடி நடந்தார். இப்திகார் ஒரு பின்னேரம் தயங்கித் தயங்கி வந்து, "அங்கிள், எண்ட கார் லைட் மங்கிப் போய் ஈக்கிது. கேட்டுக்கு வெளிய வெச்சு..." என்றார். யேசுரட்ணம் பற்பசையோடு ஓடினார். அந்த வேலை அரை மணித்தியாலத்தில் முடிந்துவிட்டது. இரண்டாம் தரமும் தேய்த்தார். மூன்றாம் தரம் இப்திகார் போதும் என்றார்.

குழந்தை பிறந்தது. பெண். படம் வந்தது. யேசுரட்ணம் அதை இராமருக்கும், பஸ்ஸில் போய்ப் பைறோஸாவுக்கும் காட்டினார். அவள் எல்லோருக்கும் கொடுக்கச் சொல்லி இனிப்பாக வட்டிலப்பம் கட்டித் தந்தாள். யாருக்குக் கொடுப்பது? இராமரும் அவருமாகச் சாப்பிட்டார்கள்.

நவம்பர் தொடக்கத்தில் கொன்ஸ்ரன்ஸ் அழைத்தார். குரலில் களைப்பு.

"இவள் கீழ வைக்க விடுறாளில்ல. தொட்டில்ல போட்டா கத்துறாள். ஆட்டினாலும் கத்துறாள். தூக்கிக்கொண்டு நடந்தா மட்டும்தான் நித்திரை. ஒரு நிமிசம் நிண்டமெண்டா முழிச்சிடுறாள். என்ர முழங்கால் போச்சு. றமேஷ் லீவு முடிஞ்சு வேலைக்குப் போயிட்டார். லவினா இருந்து அழுறாள்."

யேசுரட்ணம் போனை மற்றக் காதுக்கு மாற்றினார்.

"நான் வாங்கோ எண்டு கேக்கேல்ல. சும்மா சொன்னனான்."

"காலம்பற எத்தின மணிக்கு எழும்பிறாள்?"

"நித்திரை கொண்டாத்தானே எழும்ப."

போனைக் காதில் வைத்தபடியே அவர் பல்கனிக்கும் மேசைக்கும் நடந்துகொண்டிருந்தார் என்பதை, நின்றபோதுதான் கவனித்தார். "லவினாவைக் கூப்பிடும். டிக்கெட் போடச் சொல்ல வேணும்" என்றார்.

முகத்துவாரத்து டீச்சருக்கு அன்றைக்கே போன் பண்ணினார். அவர் வந்ததும் பொனட்டைத் திறந்து வைத்து, எதையும் மறைக்காமல் காட்டினார். இது சல்மன் ரின், கழற்ற வேண்டாம். இந்தக் கதவு மழைக்கு இறுகும், தேங்காய் எண்ணெய் விடுங்கோ. டீச்சர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தார். கார் ஒழுங்கையால் ஏறிக் காலி வீதிக்குத் திரும்பும்வரை யேசுரட்ணம் நின்று பார்த்தார். பிறகு, துணி அடுக்க வேண்டியிருந்ததால் அவசரமாக மேலே போனார்.

மெல்பனில் இறங்கிய அன்றே குழந்தையைக் கையில் வாங்கினார். அன்று தொடங்கி நடந்தார். முதலில் ஹோலுக்குள், பிறகு போர்வையில் சுற்றிக்கொண்டு தெருவில். தபால்காரன் அவருக்குக் கை காட்டத் தொடங்கினான். எந்தச் சந்தியில் திரும்பினால் எந்தப் பூங்கா வரும் என்பது கால்களுக்கே தெரிந்தது. பிள்ளை அவர் தோளில் எச்சில் வடித்து நித்திரை கொண்டாள். லவினா பிள்ளை பிறந்த பிறகு முதன்முறையாகத் தலை முழுகி, முடியைக் காய விட்டுக்கொண்டு படுத்தாள். கொன்ஸ்ரன்ஸ் முழங்காலுக்குத் தைலம் பூசிக்கொண்டு, ஜன்னலால் அவர் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது பிள்ளைக்கு ஏழு மாதம். தொட்டிலில் தானாகவே நித்திரை கொள்ளப் பழகிவிட்டாள். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. யேசுரட்ணம்தான் தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, குனிந்து பார்ப்பதும் நிமிர்வதுமாக இருக்கிறார்.

"அவள் நல்ல நித்திரை. நீங்களும் கொஞ்சம் இருங்கோவன்" என்கிறார் கொன்ஸ்ரன்ஸ்.

"இருக்கிறன், இருக்கிறன்" என்று சொல்லிக்கொண்டே, பிள்ளை சிணுங்குகிறாளா என்று அவர் இன்னொரு தரம் குனிகிறார்.